கீரைப்பாத்தியில் ஈயம்

கேள்வி: எங்கள் கொல்லையை ஒட்டிப் பழைய பேட்டரி உருக்கும் பட்டறை இருந்தது. சுண்ணாம்பு போட்டால் மண்ணில் உள்ள விஷம் போய்விடுமாமே, கீரை போடலாமா?
– வாசகி, பேட்டை

பதில்: போகாதும்மா. ஈயம் மண்ணிலேயேதான் கிடக்கும். வேர் லேசில் உறிஞ்சாதபடி கட்டிப்போடலாம், அவ்வளவுதான். மண் புளிப்பாக இருந்தால் சுண்ணாம்பு நல்லது. மண்ணின் புளிப்பைக் காட்டும் எண்ணான பி.எச். 6.5-ஐத் தாண்டினால் (எண் ஏற ஏறப் புளிப்பு குறையும்) ஈயமும், காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகமும் கரைவது குறையும். ஏற்கெனவே 8 காட்டும் கரிசலில் கொட்டினீர்களோ, இரும்புச் சத்து கிடைக்காமல் இலைதான் வெளுக்கும். அங்கே மக்கிய தொழு உரம் போதும்.

சூப்பர் பாஸ்பேட் உரமும் ஈயத்தைக் கரையாத உப்பாக்கும். ஆனால் பேட்டரி ஈயத்தில் ஆர்சனிக் என்ற விஷமும் கலப்பதுண்டு; பாஸ்பேட் அந்த ஆர்சனிக்கை மண்ணிலிருந்து கிளப்பிவிடும். அதனால் முதலில் சோதனை. சாதாரண மண்வள அட்டையில் ஈயம் வராது, தனியாகச் சொல்லி எடுக்கணும். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் விசாரியுங்கள்.

ரிப்போர்ட் வரும்வரை அங்கே எதுவும் போட வேண்டாம். அரைக்கீரை இலையடியில் ஒட்டும் புழுதியே பெரிய ஆபத்து. வேர் எடுப்பதைவிட அதில்தான் ஈயம் அதிகம் வரும். ஆசைக்குச் சாக்குப்பையில் வேறு இடத்து மண் நிரப்பி, பட்டறைச் சுவரிலிருந்து தள்ளி, மாடியில் வையுங்கள். ரிப்போர்ட்டில் ஈய அளவு லேசாக இருந்தால் அப்புறம் பந்தலில் சுரை, பீர்க்கு ஏற்றலாம். காய்க்கு ஈயம் குறைவாகத்தான் ஏறும். பிள்ளைகளை மட்டும் அந்த மண்ணில் விளையாட விடாதீர்கள்.