உண்டாட்டு

வணக்கம். மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் தமிழ் கற்பிக்கிறேன். கரும்பு வெட்டு முடிந்ததும் தொழிலாளர்கள் கடற்கரையில் ரம் குடித்து, ரவான் பறை அடித்து, செகா நடனம் ஆடும் காட்சி ஒன்றைச் சிறுகதையில் எழுதி, அதைக் 'களியாட்டம்' என்றேன். கம்பனில் வரும் 'உண்டாட்டு' இன்னும் பொருந்தும் என்கிறார் நண்பர். என் மாணவர்களோ அதை 'விருந்து' என்று புரிந்துகொள்கிறார்கள். எது சரி?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

நண்பர் சொன்னதுதான் சரி. உண்டாட்டு என்றே வையுங்கள்.

மாணவர்கள் தடுமாறுவது 'உண்' என்ற வினையில். பழந்தமிழில் நீர், பால், கள் எல்லாமே உண்ணப்பட்டவைதான். குறளின் 93ஆம் அதிகாரத்தின் பெயரே கள்ளுண்ணாமை. அதைக் காட்டினால் வகுப்பில் சந்தேகம் தீர்ந்துவிடும்.

களியாட்டத்துக்கும் ஒருகாலத்தில் போதை இருந்தது. அதே அதிகாரத்தில் 'களித்தறியேன்' என்றால் குடித்தறியேன் என்று பொருள். இன்றோ பள்ளி ஆண்டுவிழாவையும் களியாட்டம் என்கிறோம். கும்மாளம் சிறுபிள்ளைகளுக்கும் பொருந்தும். கூத்தடித்தலில் பழிப்பு ஏறிவிட்டது. குடியும் ஆட்டமும் சேர்ந்து, பழிப்பும் இல்லாமல் இருக்கும் சொல் உண்டாட்டு.

பகைவரின் ஆநிரையை, அதாவது பசுக்கூட்டத்தை, கவர்வதைப் பாடுவது வெட்சித் திணை. தொல்காப்பியம் அதற்குச் சொல்லும் 14 துறைகளில் இது 13ஆவது. ஆநிரை கவர்ந்து வந்தவர்கள் முதலில் அதைப் பங்கிடுவார்கள், அது பாதீடு. பிறகு உண்டாட்டு. கடைசியில் கொடை. இந்த வரிசை முக்கியம். ஒரு காரியம் முடிந்து, அவரவர் பங்கு கைக்கு வந்தபின் கூடிக் குடிப்பதுதான் உண்டாட்டு. தனியாக ஒருவன் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பதை அப்படிச் சொல்ல முடியாது. உங்கள் கதையில் கூலிக் கணக்கு தீர்ப்பதைக் குடிக்கு முன்னால் கொண்டுவாருங்கள். அப்போது சொல் தானாக நிற்கும்.

சங்க நூலான பெரும்பாணாற்றுப்படை 'உண்டாட்டு' என்ற பெயரைச் சொல்லாமலே அதைக் கண்முன் நிறுத்துகிறது. பகைவர் நிலத்தில் புகுந்து பசுக்களைக் கொண்டுவந்து, கள்ளுக்கு விலையாகக் கொடுத்து, பிறகு 'இல்லடு கள்ளின் தோப்பி பருகி', மன்றத்தில் காளையை அறுத்துத் தின்று, நடுவில் தண்ணுமைப் பறை முழங்க, வில் பழகிய தோளை உயர்த்தி வலப்புறம் வளைந்து பகலிலேயே ஆடுகிறார்கள். தோப்பி என்பது நெல்லிலிருந்து வீட்டில் சமைத்த கள். பறை எங்கே இருக்கிறது, எந்தத் தோள் எப்படி வளைகிறது என்பது வரை புலவர் பார்த்திருக்கிறார். உங்கள் காட்சியில் ரவான் வெறும் பின்னணிச் சத்தமாக இருக்கக் கூடாது. ஆட்டுத்தோலை நெருப்பில் காட்டி விறைப்பேற்றுவதிலிருந்து தொடங்குங்கள். மராவான் என்ற கிலுகிலுப்பைப் பெட்டியைக் குலுக்கும் கையையும் காட்டுங்கள்.

கம்பனின் உண்டாட்டுப் படலம் பாலகாண்டத்தில், புனல் விளையாட்டை அடுத்து வருகிறது. மிதிலைக்குப் போகும் வழியில் படையோடு வந்தவர்கள் குடிக்கிறார்கள். வால்மீகியில் இது இல்லை. கம்பனின் படலத்தில் ஒருத்தி கை தவறி நறவை, அதாவது கள்ளை, முழுக்க இருக்கையில் கொட்டிவிடுகிறாள். அது அவளுக்குத் தெரியவில்லை. 'அந்தப் பக்கம் இருக்கும்' என்று நினைத்து வெறும் கிண்ணத்தைத் திருப்பிப் பிடித்து உதட்டில் வைக்கிறாள். என்ன அழகான கவனிப்பு! 'போதையில் தள்ளாடினாள்' என்று கம்பன் எழுதவில்லை. உங்கள் கதையில் 'தள்ளாடினார்கள்' என்ற வரி இருந்தால் அதை எடுத்துவிட்டு இப்படி ஒரு செய்கையை வையுங்கள்.

உண்டாட்டு பெயர்ச்சொல். 'உண்டாட்டினார்கள்' என்று வினையாக்கினால் அச்சில் 'உண்டாக்கினார்கள்' என்று திருத்திவிடுவார்கள். 'உண்டாட்டு அயர்ந்தார்கள்' என்பது மரபுக்கு நெருக்கம்; அயர்தல் இங்கே களைத்தல் அல்ல, கொண்டாடுதல். உரையாடலில் அது ஒட்டாது, கதைசொல்லியின் குரலில் மட்டும் வரட்டும். ரம்மை ரம் என்றே எழுதுங்கள். பழந்தமிழின் தேறலும் நறவும் ஊறிப் புளித்த கள் வகைகள். நம் தீவின் ரம் கரும்பிலிருந்து காய்ச்சி வடித்தது.