பாட்டியின் சொற்களை எழுதிவைக்கும் பெண்ணுக்கு என்ன படிப்பு?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் சென்ற வாரம் மனைவி, மகளோடு என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். பெரியப்பா பொறியியல் கல்லூரியொன்றில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பேசி வைத்திருக்கிறார். அவளோ கோடை முழுவதும் ஏற்காட்டில் மாமா வீட்டில் தங்கி, அந்த மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடியின் பாட்டிகளிடம் சாமைக்கும் தேனுக்கும் மழைக்கும் அவர்கள் சொல்லும் சொற்களைக் கேட்டு ஒரு நோட்டை நிரப்பியிருக்கிறாள். "இதெல்லாம் சோறு போடுமா, ஐயா?" என்றார் அம்மா.

ஆறுதல் சொல்லத்தான் தொடங்கினேன். நோட்டைப் புரட்டியதும் பேச்சு மாறிவிட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் சொன்னவர் யார், எந்த ஊர், என்ன நாள் என்று குறித்திருந்தாள். மொழியியல் களப்பணியின் முதல் பாடம் அது. யாரும் சொல்லித்தராமலே அவளுக்கு வந்திருக்கிறது.

அந்தமானில் 'போ' மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி போவா 2010 ஜனவரியில் இறந்தார். அவர் உயிரோடு இருந்தபோதே அருகில் அமர்ந்து அவர் குரலைப் பதிவு செய்தவர் மொழியியலாளர் அன்விதா அப்பி. 'போ' அடங்கிய பெரிய அந்தமானிய மொழிகளின் அகராதியும் இலக்கணமும் அவர் உழைப்பில் உருவாயின. உடலுறுப்புகளைப் பகுக்கும் முறையே அந்த இலக்கணத்தின் அடித்தளம் என்று காட்டினார். 2013இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நமக்குப் பக்கத்திலேயே நீலகிரியில் தோடர் மொழி இருக்கிறது; நாக்கு அதிரும் ரகர ஒலிகள் மட்டுமே அதில் ஆறு. இப்படிப்பட்ட மொழிகளை எழுத்தில் பிடிக்கப் பழகிய காது வேண்டும், பொறுமை வேண்டும், பாட்டியின் சம்மதம் கேட்டுவிட்டுப் பதிவுக் கருவியை எடுக்கும் மரியாதையும் வேண்டும்.

விருதைக் காட்டி உங்கள் மகளை இழுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பத்ம விருதோடு பணம் வருவதில்லை; அது பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு வரும் மரியாதை. அந்த மரியாதை அப்பியைப் போல மொழிகளைப் பதிவு செய்பவர்களுக்கு இன்னும் அதிகமாகவே கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் இந்தக் குடும்பம் இன்று பார்க்க வேண்டியது செலவைத்தான்.

இளங்கலையைச் சேலம் அரசுக் கலைக் கல்லூரியில் தமிழிலோ ஆங்கிலத்திலோ படிக்கட்டும். பஸ்ஸில் போய்வரலாம், கட்டணமும் குறைவு. பிறகு மொழியியல் முதுகலை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே பெயர்பெற்ற துறை இருக்கிறது. நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறி ஆய்வில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய். மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம், பத்தாயிரத்துக்கும் குறைவானவர்கள் பேசும் மொழிகளை ஆவணப்படுத்தும் திட்டத்தை நடத்துகிறது. உதவித்தொகை கிடைக்காமல் போனாலும் அகராதிப் பணி, மொழிபெயர்ப்பு, கணினிக்குத் தமிழ்ப் பேச்சைப் பழக்கும் வேலை எனப் போக்கிடம் உண்டு. சம்பளம் தொடக்கத்தில் சிறிதாகத்தான் இருக்கும். அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் பட்டறையை அடகு வைத்து, அவள் கேட்காத இடத்தை வாங்குவதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். பெரியப்பாவிடம் நானே பேசுகிறேன். அதுவரை அந்தக் கல்லூரிக்கு முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.