காப்புறுதி முடிந்த கார்: வாசகர் கேள்விகள்

காப்புறுதி முடிந்து நான்கு நாள்தான் ஆகிறது. தினமும் பினாங்குப் பாலம் தாண்டி வேலைக்குப் போகிறேன். போலீஸ் பிடித்தால் அபராதம் எவ்வளவு? – பட்டர்வொர்த் வாசகர்

நான்கு நாளோ நான்கு மாதமோ, சட்டத்துக்கு ஒன்றுதான். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90ஆம் பிரிவில் 1,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். என்னிடம் வருபவர்கள் அந்த ஆயிரத்தைத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். ஆனால் குற்றவாளி என்று தீர்ப்பானால் 12 மாதம் லைசென்ஸ் கிடையாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. சிறப்புக் காரணம் இருந்தால் மட்டுமே நீதிமன்றம் அதைத் தளர்த்தும். "மறந்துட்டேன் ஐயா" என்பதை நம்பிப் போகாதீர்கள். தினமும் பாலம் தாண்டுகிறவருக்கு ஒரு வருடம் கார் ஓட்ட முடியாதென்றால் வேலையே ஆட்டம் கண்டுவிடும். காப்புறுதி இல்லாமல் ரோட் டேக்ஸையும் புதுப்பிக்க முடியாது. அது காலாவதியானால் தனிக் குற்றம்.

2023இலிருந்து தனியார் கார்களில் ரோட் டேக்ஸ் வில்லையை ஒட்ட வேண்டியதில்லை. முன்பெல்லாம் காரைக் கழுவும்போதாவது தேதி கண்ணில் படும். இப்போது சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே செயலியைத் திறந்தால்தான் உண்டு.

என் காரை மச்சான் எடுத்துப் போய் மாட்டிக்கொண்டார். நான் வீட்டில்தான் இருந்தேன். எனக்கும் வழக்கா? – ஜெலுத்தோங் வாசகர்

வரலாம். ஓட்ட விடுவதும் அதே பிரிவில் குற்றம்தான். சாவியைக் கொடுத்தது நீங்கள்தானே?

லிட்டில் இந்தியாவில் சாலையைக் கடந்த அம்மாவை ஒரு கார் இடித்துக் கால் முறிந்துவிட்டது. அந்தக் காருக்குக் காப்புறுதி இல்லையாம். – ஜார்ஜ்டவுன் வாசகி

முதலில் போலீஸ் புகார். விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் புகார் செய்வது ஓட்டுநரின் கடமை. அவர் செய்வார் என்று காத்திருக்காமல் நீங்களும் செய்துவிடுங்கள். மருத்துவ ரசீதுகளை, டாக்சிக் கட்டணம் உட்பட, ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். இழப்பீடு கேட்டு ஓட்டுநர் மீது வழக்குப் போடலாம். ஓட்டியவர் வேறு, உரிமையாளர் வேறு என்றால் இருவரையும் சேர்ப்பது பற்றி வழக்கறிஞரிடம் பேசுங்கள். தீர்ப்பு வாங்கியும் அவர்களிடமிருந்து பணம் பெயராவிட்டால், காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் எம்ஐபி (Motor Insurers' Bureau) அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். அது உடல் காயத்துக்கும் உயிரிழப்புக்கும்தான். கார் சேதத்துக்கு இல்லை.

இடித்த பிறகு ஏஜெண்டிடம் சொல்லி முந்தைய தேதியில் காப்புறுதி எடுக்க முடியுமா? – பெயர் வேண்டாம் என்றவர்

பெயர் வேண்டாம் என்றதிலேயே பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. காலை 9 மணிக்கு இடித்துவிட்டு 11 மணிக்கு வாங்கும் காப்புறுதி, 11 மணிக்குப் பிறகு நடப்பதற்குத்தான்.