கேள்வி-பதில்: நீங்கள் கேட்கும் பதிப்பு ஏற்கெனவே வந்துவிட்டது

கேள்வி: பத்தாம் வகுப்பு முடித்த என் மகள் விடுமுறையில் படிக்கட்டும் என்று ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலை ஆங்கிலத்தில் வாங்கினேன். அவளிடம் கொடுப்பதற்கு முன் நானும் படித்தேன். சர்வாதிகார அரசு ஒன்று புத்தகங்களை எரிப்பதைக் கண்டிக்கும் நல்ல இளையோர் நாவல்தான். ஆனால் தூக்க மாத்திரை விழுங்கும் காட்சியும், ஆங்காங்கே வரும் வசைச் சொற்களும், கருக்கலைப்பு பற்றிய பேச்சும் அந்த வயதுக்குத் தேவைதானா? இவற்றை நீக்கி மாணவர் பதிப்பு ஒன்று கொண்டுவந்தால் கருத்தும் கெடாது, பிள்ளைகளும் கெட மாட்டார்கள் அல்லவா?
— ஒரு தந்தை, கரூர்

பதில்: நீங்கள் கேட்கும் மாணவர் பதிப்பு 1967ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. 1953இல் இந்நாவலை முதலில் வெளியிட்ட அதே பாலன்டைன் நிறுவனம், அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளுக்கென்று தனி வரிசை ஒன்றைத் தொடங்கியபோது, இதில் சுமார் 75 இடங்களில் கைவைத்தது. ‘ஹெல்’, ‘டேம்’ போன்ற வசைச் சொற்கள் போயின, கருக்கலைப்பு போயிற்று, குடிகாரன் ஒருவன் நோயாளி ஆனான். ஓரிடத்தில் தொப்புளைச் சுத்தம் செய்வது என்றிருந்தது, காதைச் சுத்தம் செய்வது என்று மாறியது. ஒழுக்கத்தில் தொப்புளைவிடக் காது எவ்வகையில் உயர்ந்தது என்பதை அந்தத் திருத்தத்தைச் செய்தவர்தாம் விளக்க வேண்டும். திருத்தப்பட்ட பதிப்பு என்ற குறிப்பு நூலில் எங்கும் இல்லை. எழுதியவருக்கும் யாரும் சொல்லவில்லை.

இதன் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். முதல் சில ஆண்டுகள் பெரியவர்களுக்கான முழுப் பதிப்பும் உடன் விற்பனையில் இருந்தது. 1973 முதல் 1979 வரையோ, வெட்டுப்பட்ட வடிவம் மட்டுமே எல்லோருக்கும் அச்சாகி வந்தது. பிள்ளைகளைக் காப்பதற்காக உண்டாக்கிய பிரதி, ஆறே ஆண்டுகளில் பெற்றோரின் பிரதியையும் விழுங்கிவிட்டது. விஷயத்தைப் பிராட்பரியிடம் கொண்டுசென்றவர்கள் யார் தெரியுமா? எவர் கெட்டுவிடுவார்கள் என்று அஞ்சி வெட்டினார்களோ, அந்த மாணவர்களேதாம். தணிக்கையைப் பற்றிய நாவலே தணிக்கைக்கு உள்ளாகியிருக்கிறதே என்று அவர்கள் எழுதிய கடிதங்களைப் பற்றி, அவர் 1979இல் எழுதிய பின்னுரையில் கொதிப்போடு குறிப்பிட்டிருக்கிறார். அதன் பின்னரே நூல் மறுபடியும் அச்சுக் கோக்கப்பட்டு, நீக்கிய சொற்களெல்லாம் தத்தம் இடத்துக்குத் திரும்பின.

“கருத்தும் கெடாது” என்கிறீர்கள். நீங்கள் சுட்டிய மாத்திரைக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். கதைநாயகன் மான்டாக், புத்தகங்களை எரிப்பதையே வேலையாகக் கொண்ட தீயணைப்பு வீரன். இருட்டறைக்குள் வரும் அவன் காலில் ஒரு சிறு புட்டி இடறுகிறது. அன்று 30 மாத்திரைகள் இருந்த அந்தப் புட்டி இப்போது காலி. அவசர அழைப்புக்கு வந்து சேர்பவர்கள் மருத்துவர்கள் அல்லர், இயந்திரம் இயக்கும் இரண்டு ஆட்கள். கிணற்றுக்குள் இறங்கும் கருநாகம்போல ஒரு குழாய் அவன் மனைவி மில்ட்ரெட்டின் வயிற்றுக்குள் இறங்குகிறது. இன்னொரு இயந்திரம் அவள் உடலிலுள்ள இரத்தம் முழுவதையும் மாற்றுகிறது. வந்தவர்கள் புகைத்துக்கொண்டே வேலையைச் செய்கிறார்கள். மருத்துவர் ஏன் வரவில்லை என்று கணவன் கேட்கும்போது, அவர்களில் ஒருவன் உதட்டிலிருந்து சிகரெட்டை எடுக்காமலேயே “ஹெல்!” என்று தொடங்கி, ஓர் இரவுக்கு இப்படி ஒன்பது பத்து வருகின்றன என்கிறான். உடனே அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மறுநாள் காலையில் மில்ட்ரெட்டுக்கு ஒன்றும் நினைவில்லை, பசி மட்டும் கடுமையாக இருக்கிறது.

அந்த ஒரு வசைச் சொல்லில் இருப்பது ஆபாசம் அல்ல, அலுப்பு. ஒரு பெண் சாகக் கிடப்பது அவனுக்குச் சாக்கடை அடைப்பு எடுப்பதற்குச் சமமான வேலையாகிவிட்டது என்பதை அந்தச் சொல்தான் காட்டுகிறது. அதை எடுத்துவிட்டால் அவன் கடமையைச் செய்யும் ஊழியன் ஆகிவிடுவான். காட்சியையே எடுத்துவிட்டாலோ, புத்தகம் இல்லாத அந்த ஊரில் எல்லோரும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள் என்று உங்கள் மகள் நினைத்துக்கொள்ள நேரும். அந்த ஊரின் அதிகாரிகள் சொல்லிக்கொள்வதும் அதையேதான்.

‘சர்வாதிகார அரசு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், தீயணைப்புத் தலைவன் பீட்டி பேசும் பகுதியைச் சற்று வேகமாகப் புரட்டிவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. உடம்பு சரியில்லை என்று படுத்திருக்கும் மான்டாக்கின் அறையில் உட்கார்ந்துகொண்டு, புத்தகங்கள் ஒழிந்த வரலாற்றை அவன் விரிவாகச் சொல்கிறான். இது அரசிடமிருந்து தொடங்கவில்லை என்பதே அவன் கூற்றின் மையம். பெரிய இலக்கியங்களைக் கால் மணி நேர வானொலி நிகழ்ச்சியாகச் சுருக்கினார்கள். பின்பு இரண்டு நிமிடத்தில் படித்துவிடும் பத்தியாக்கினார்கள். கடைசியில் அவை அகராதியில் பத்துப் பன்னிரண்டு வரிகளாகி முடிந்தன. இந்த வரி இவர்களைப் புண்படுத்துகிறது, அந்தப் பக்கம் அவர்களுக்கு ஆகாது என்று ஒவ்வொரு தரப்பும் ஒன்றை நீக்கச் சொன்னது. மிஞ்சியதை யாரும் படிக்க விரும்பவில்லை. மண்ணெண்ணெயோடு ஆட்கள் வந்தது அதற்கெல்லாம் பிறகுதான். ஆகவே இந்நாவலில் தேட வேண்டியது ஒரு சர்வாதிகாரியை அல்ல. நல்ல எண்ணத்தோடு ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிடச் சொல்லும் மனிதரை. பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகே இதை எழுதுகிறேன்.

‘இளையோர் நாவல்’ என்பதும் பின்னால் ஒட்டிய முத்திரைதான். 1954இல் இது தொடராக வந்த இதழ், எந்தப் பள்ளி வாசலையும் மிதிக்க முடியாத ‘பிளேபாய்’.

நாவலில் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. மான்டாக்கைத் தட்டி எழுப்பும் கிளாரிஸ் என்ற பெண், அந்த வேலை முடிந்ததும் கதையிலிருந்து காணாமல் போகிறாள். கடைசியில் தண்டவாளத்தின் ஓரம் நூல்களை மனப்பாடமாகச் சுமந்து திரியும் அறிஞர்களாக நம் முன் வருபவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்கள் பெரும்பாலும் சுவர் அளவுக்கு விரிந்த தொலைக்காட்சிகளின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். இதையெல்லாம் படிக்கும்போது எனக்கும் பேனா துறுதுறுக்கத்தான் செய்கிறது. கைப்பிரதிகளைத் திருத்தும் எங்களுக்கு வெட்டுவதுதான் தொழில். ஆனால் எழுதியவரை எதிரில் வைத்துக்கொண்டு கைப்பிரதியில் செய்யும் வெட்டு வேறு. அச்சேறிப் பல்லாண்டுகள் ஆன நூலில், எழுதியவருக்கும் படிப்பவருக்கும் தெரியாமல் செய்யும் வெட்டு வேறு. உங்கள் மகள் இந்தக் குறைகளைத் தானே கண்டுபிடித்து உங்களோடு சண்டை போடுவதற்கும் முழு நூல் அவள் கையில் இருக்க வேண்டும்.

மாத்திரைக் காட்சி குறித்த உங்கள் கவலையை நான் எள்ளி நகையாடவில்லை. நீங்கள்தான் முழுவதையும் படித்திருக்கிறீர்களே. அந்தப் பக்கம் வரும்போது அருகில் உட்கார்ந்து பேசுங்கள். அதை விட்டுவிட்டு மை தடவப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. 1992இல் கலிஃபோர்னியாவின் இர்வைன் நகரிலுள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில், வசைச் சொற்களின் மேல் கறுப்பு மை பூசிய பிரதிகளை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். பெற்றோர்களே செய்தித்தாள்களுக்குத் தகவல் சொல்லி, முழுப் பிரதிகளைத் திரும்பக் கொண்டுவர வைத்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மாணவர் பதிப்புதான் வேண்டும் என்றால், பழைய புத்தகக் கடைகளில் 1967க்கும் 1979க்கும் இடையில் அச்சான பாலன்டைன் பள்ளிப் பதிப்பு கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் அதையும் முழுப் பதிப்பையும் சேர்த்தே மகளிடம் கொடுங்கள். எழுபத்தைந்து இடங்களையும் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு கோடை விடுமுறை போதும்.