ஒரு குன்றின் பெயர், பல ஊர்களில்: மாண்ட்கோமரி கேள்வி பதில்

அலபாமாவின் தலைநகரம், எல் அலமைன் போரை வென்ற தளபதி, மகப்பேறு பாடநூலில் வரும் ஒரு சுரப்பி, பாகிஸ்தானின் சாஹிவால் நகருக்கு வெள்ளைக்காரர் காலத்தில் இருந்த பெயர். எல்லாமே மாண்ட்கோமரி. இவற்றுக்குள் உறவு உண்டா என்றுதான் பெரும்பாலோர் கேட்டிருக்கிறீர்கள். நார்மன், அதாவது பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்த, குடும்பப் பெயர்களைத் தேடித் தேடிப் படிப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெயர் ஒன்றாக இருப்பதால் குடும்பமும் ஒன்று என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு மாண்ட்கோமரியையும் தனியாகத்தான் பின்தொடர வேண்டும்.

கேள்வி (வரலாற்று ஆசிரியர் ஒருவர்): பெயர் முதலில் எங்கே தோன்றியது, ஐயா? அர்த்தம் என்ன?

பிரான்ஸின் நார்மண்டியில், லிசியூ நகரத்துக்குத் தெற்கே இன்றும் இரண்டு சிற்றூர்கள் இந்தப் பெயரைத் தாங்கி நிற்கின்றன: சேன் ழெர்மேன் த மோங்கொம்ரி, சேந்த் ஃபுவா த மோங்கொம்ரி. 'மோன்' என்றால் குன்று. மீதிப் பாதி கோமரிக் என்ற ஆளின் பெயர். அது ஜெர்மானிய வேர் கொண்டது. ஆக, கோமரிக்கின் குன்று. அங்கே நிலம் வைத்திருந்த பிரபுக் குடும்பம் 11ஆம் நூற்றாண்டில் 'மோங்கொம்ரியைச் சேர்ந்த' என்று அழைக்கப்பட்டது.

அந்தக் காலத்தில் இது இன்றைய சர்நேம் போல அப்பாவிடமிருந்து பிள்ளைக்குத் தானாக வரவில்லை என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள். ரோஜர் த மோங்கொம்ரி என்ற பெரும்பிரபுவின் மகன்களையே பாருங்கள். மூத்தவர் ராபர்ட்டுக்குத் தாய் மாபெல் வழியில் பெல்லேம் சொத்து வந்தது. அதனால் அவர் ராபர்ட் த பெல்லேம். தம்பிகள் ஹியூவும் ஆர்னல்ஃபும் மோங்கொம்ரி. இன்னொரு தம்பி, பிரான்ஸின் புவத்தூ பகுதியில் பெண் எடுத்ததால் 'புவத்தூக்காரர் ரோஜர்'. கூடப் பிறந்தவர்களுக்குள்ளேயே மூன்று அடையாளங்கள்! நிலம் மாறினால் பெயரும் மாறியது. வம்சாவளி தேடுகிறவர்கள் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: 1066 இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்ற ஹேஸ்டிங்ஸ் போரில் ரோஜர்தான் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கினார் என்று படித்தேன். உண்மையா?

பல வம்சாவளிப் பக்கங்களில் அப்படித்தான் இருக்கும். அதன் மூலம் வேஸ் என்ற கவிஞர். அவர் எழுதியது போர் நடந்து ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து. அவருக்கு முன்பே ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி வேறு மாதிரி எழுதிவிட்டார்: வில்லியம் இங்கிலாந்துக்குப் படையெடுத்துப் போனபோது ரோஜர் நார்மண்டியிலேயே இருந்து நாட்டைப் பார்த்துக்கொண்டார், 1067 இல்தான் கடல் தாண்டி வந்தார். ஆர்டெரிக்கின் தகப்பனார் ரோஜரிடமே வேலை பார்த்தவர். வீட்டு விஷயம் தெரிந்த ஆள். நான் அவர் பக்கம்தான்.

வந்த பிறகு ரோஜருக்குக் கிடைத்தது கொஞ்சநஞ்சமில்லை. தெற்கே அருண்டெல், வேல்ஸ் எல்லையில் ஷ்ரூஸ்பரி. ஷ்ரூஸ்பரியில் அவர் நிறுவிய மடத்திலேயே 1094 இல் துறவியாக இறந்தார்.

கேள்வி: வேல்ஸில் ஒரு மாண்ட்கோமரி ஊர் இருக்கிறதே, அது இவருடையதா?

ஆமாம். எல்லையைக் காக்க அவர் மண்மேடு எழுப்பி மரக்கோட்டை கட்டினார். அந்த மேடு இன்றும் இருக்கிறது. வேல்ஸ் மக்கள் அதை ஹென் டோமன், அதாவது பழைய மேடு என்கிறார்கள். 1102 இல் ராபர்ட் த பெல்லேம் முதலாம் ஹென்றி மன்னரை எதிர்த்துக் கலகம் செய்து தோற்றார். இங்கிலாந்துச் சொத்தெல்லாம் கையை விட்டுப் போனது. குடும்பம் வெளியேறியும் ஊரில் பெயர் ஒட்டிக்கொண்டது. 1223 இல் மூன்றாம் ஹென்றி கொஞ்சம் தள்ளிக் கற்கோட்டை கட்டத் தொடங்கியபோது அதற்கும் அதே பெயர். லெவெலின் என்ற வேல்ஸ் தலைவரை 'வேல்ஸ் இளவரசர்' என்று அந்த மன்னரே ஏற்றுக்கொண்ட 1267 உடன்படிக்கையும் மாண்ட்கோமரி உடன்படிக்கைதான். வேல்ஸ் மொழியில் ஊரின் பெயர் முற்றிலும் வேறு: ட்ரெவால்ட்வின், பால்ட்வினின் ஊர். ராபர்ட்டின் வீழ்ச்சிக்குப் பிறகு அந்த நிலத்தைப் பெற்றவர் பெயர் அது.

கேள்வி (மலையேற்றத்தில் ஆர்வமுள்ளவர்): கே2 சிகரத்துக்குப் பெயர் வைத்தவரும் மாண்ட்கோமரியாமே?

அவர் தாமஸ் ஜார்ஜ் மாண்ட்கோமரி. ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர்க்காரர். பெயரின் கடைசியில் 'ஒய்' இல்லை, 'ஐஇ'. இந்த எழுத்து ஸ்காட்லாந்துக் கிளையில் அடிக்கடி பார்க்கலாம், கோல்ஃப் வீரர் காலின் மாண்ட்கோமரி வரை.

அந்தக் கிளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் வால்டர் ஃபிட்ஸ் ஆலன் என்ற பிரபு, ஷ்ரூஸ்பரி இருக்கும் ஷ்ராப்ஷயரிலிருந்து ஸ்காட்லாந்துக்குப் போனார். அவரோடு ராபர்ட் த மாண்ட்கோமரி என்பவரும் போய் ஈகிள்ஷாம் நிலத்தைப் பெற்றார். இந்த ராபர்ட் ரோஜரின் ரத்த வாரிசு என்று பிற்கால வம்சாவளிகள் எழுதும். ஆனால் அதற்கு அந்தக் காலத்து ஆவணம் கிடையாது. ஷ்ராப்ஷயர் எல்லையில் மாண்ட்கோமரி என்ற ஊர் இருக்கும்போது, அந்தப் பக்கத்திலிருந்து போன ஒருவர் ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு இதுதான் இயல்பாகப் படுகிறது. அப்புறம் அந்தக் குடும்பம் தன் காலிலேயே பெரிதாக வளர்ந்தது. 1388 ஆட்டர்பர்ன் சண்டையில் ஹாட்ஸ்பர் என்ற பட்டப்பெயர் கொண்ட ஹென்றி பெர்சியைச் சிறைபிடித்தவர் ஒரு ஜான் மாண்ட்கோமரி. பெர்சியை விடுவிக்கக் கிடைத்த பணத்தில் போல்னூன் கோட்டையைக் கட்டினார் என்பார்கள்.

சரி, சிகரத்துக்கு வருவோம். 1856 இல் காஷ்மீரின் ஹராமுக் மலையிலிருந்து தாமஸ் மாண்ட்கோமரி காரகோரத்தைப் பார்த்தார். 200 கிலோமீட்டருக்கும் அப்பால் தெரிந்த இரண்டு சிகரங்களைக் கோட்டோவியமாக வரைந்து கே1, கே2 என்று குறித்தார். 'கே' என்றால் காரகோரம். கே1 க்கு மாஷர்ப்ரும் என்ற உள்ளூர்ப் பெயர் இருந்தது, அதுவே நிலைத்தது. மற்றதற்கு அளவையாளரின் குறியீடே பெயராகிவிட்டது. திபெத்துக்குள் வெள்ளைக்காரர்கள் போக முடியாத காலத்தில் நயின் சிங் போன்ற இந்தியர்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பிய திட்டமும் இவருடையதுதான். நார்மண்டிப் பெயரைச் சுமந்தவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் இவர்.

கேள்வி (அமெரிக்காவில் வசிப்பவர்): நாங்கள் மேரிலாந்தில் மாண்ட்கோமரி கவுண்டியில் இருக்கிறோம். அலபாமா தலைநகருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. இரண்டுமே ரிச்சர்ட் மாண்ட்கோமரி நினைவாக வந்தவை. அயர்லாந்தில் பிறந்து, பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்து, பிறகு நியூயார்க்கில் குடியேறி, பிரிட்டனை எதிர்த்த அமெரிக்கப் புரட்சிப் படையின் தளபதி ஆனவர். 1775 டிசம்பர் 31 அன்று கியூபெக் நகரைத் தாக்கியபோது கொல்லப்பட்டார். உங்கள் கவுண்டி அடுத்த வருஷமே, 1776 இல் உருவானது. அலபாமா நகரம் 1819 இல்.

ஆனால் அந்த அலபாமா நகரம் இருக்கும் கவுண்டியின் பெயரும் மாண்ட்கோமரிதான், அது வேறொருவருடையது! 1814 இல் ஹார்ஸ்ஷூ பெண்ட் சண்டையில் இறந்த லெமுவல் மாண்ட்கோமரி என்ற படை அதிகாரியின் பெயர் அது. நகரத்துக்கு ஒரு மாண்ட்கோமரி, அதைச் சுற்றியுள்ள கவுண்டிக்கு இன்னொரு மாண்ட்கோமரி. 1955 டிசம்பரில், பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதானதும் தொடங்கி, அடுத்த டிசம்பர் வரை 381 நாள் நீடித்த பேருந்துப் புறக்கணிப்பால்தான் இன்று உலகம் அந்த ஊரை அறியும். அந்தப் பெயருக்கு இதைவிடப் பெரிய கௌரவம் வேறு எங்கும் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

கேள்வி (மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர்): சாஹிவால் பசுவை மாண்ட்கோமரி மாடு என்று ஒரு பழைய புத்தகத்தில் பார்த்தேன். அச்சுப் பிழையா அண்ணா?

பிழை இல்லை. சாஹிவால் ஊரின் பெயரே ஒரு நூறு வருஷம் மாண்ட்கோமரிதான். பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்த சர் ராபர்ட் மாண்ட்கோமரி பெயரை 1865 இல் அங்கே வைத்தார்கள். லாகூர் ரயில் பாதையில் அமைந்த ஊர்; மாவட்டத் தலைநகரமும் ஆனது. அந்த மாவட்டத்துச் சிவப்பு மாட்டையும் மாண்ட்கோமரி என்றே கால்நடை நூல்களில் எழுதினார்கள். 1960களில் பாகிஸ்தான் ஊருக்குப் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தது. உங்கள் பண்ணையில் நிற்கும் மாட்டுக்கும் இன்று அந்தப் பெயரே.

சிந்துவெளியில் ஆர்வமுள்ளவர்களுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. பழைய அகழாய்வு நூல்களில் 'ஹரப்பா, மாண்ட்கோமரி மாவட்டம்' என்று வரும். அதுவும் இதே மாவட்டம்தான். சாஹிவாலிலிருந்து ஹரப்பா பக்கம்.

இந்த சர் ராபர்ட் யார் தெரியுமா? 1857 மே மாதம் லாகூரில் சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறிக்க முடிவெடுத்த அதிகாரி. அயர்லாந்துக் குடும்பம். அவர் மகன் ஹென்றி கான்பூரில் பிறந்து, பிஷப்பாகி டாஸ்மேனியா போனார். அந்த பிஷப்பின் மகன்தான் பெர்னார்ட் மாண்ட்கோமரி, 1942 இல் எகிப்தின் எல் அலமைனில் ஜெர்மன் தளபதி ரோமலைத் தோற்கடித்தவர். ஆக, சாஹிவால் ஊருக்குப் பெயர் கொடுத்தவர் ஃபீல்டு மார்ஷலின் தாத்தா. பேரனும் இளம் அதிகாரியாகப் பெஷாவரில் இருந்தார். 1930களில் குவெட்டா ராணுவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். நீங்கள் கேட்ட எல்லாவற்றிலும் சந்தேகமில்லாத ரத்த உறவு இந்த ஒன்றுதான்.

கேள்வி: ஃபீல்டு மார்ஷல் பெயரில் ஏதாவது இருக்கிறதா?

1944 நார்மண்டித் தரையிறக்கத்தில் நேச நாடுகளின் தரைப்படைகளுக்குத் தலைமை தாங்கியவர் அவர். அதனால் கொல்வில் சூர் ஓர்ன் என்ற கடலோர ஊர் 1946 இல் கொல்வில் மோங்கொம்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. இப்படி நார்மண்டியில் இந்தப் பெயரோடு இன்னோர் ஊர் சேர்ந்தது. ஆனால் இந்த ஊர் பெயரை வாங்கியது ஆங்கிலேயத் தளபதியிடமிருந்து.

இத்தாலியில் துணிக்கடைக்குப் போய் 'மோன்ட்கோமெரி' என்று கேட்டால் ஒரு கோட்டு தருவார்கள்: தலைமூடி வைத்து, பொத்தானுக்குப் பதில் மரக்கட்டை கோத்த தடித்த கம்பளிக் கோட்டு. போரில் அவர் அதை அணிந்தே காட்சி தந்ததால் வந்த பெயர். அர்ஜென்டினாவிலும் சிலியிலும் அதே பெயர்தான்.

கேள்வி (செவிலியர் படிப்பு மாணவி): மாண்ட்கோமரி சுரப்பி யார் பெயர், சார்?

டப்ளின் மகப்பேறு மருத்துவர் வில்லியம் ஃபெதர்ஸ்டன் மாண்ட்கோமரி. 1837 இல் கர்ப்பத்தின் அறிகுறிகள் பற்றி எழுதிய நூலில், மார்புக் காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் தெரியும் சிறு முண்டுகளை விவரித்தார். அவை காம்பு வறண்டுபோகாமல் எண்ணெய்ப் பசை சுரப்பவை, கர்ப்ப காலத்தில் பெரிதாகும். கட்டி என்று பயந்து கிள்ளுகிற தாய்மார்கள் உண்டு; அது இயல்பானது, தொடாதீர்கள் என்று சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி (மென்பொருள் துறை): எங்கள் பாடத்தில் மாண்ட்கோமரி பெருக்கல் வருகிறது. அது எந்த ஆள்?

அமெரிக்கக் கணிதவியலாளர் பீட்டர் மாண்ட்கோமரி, 1985. பெரிய எண்களைப் பெருக்கி மீதி எடுக்கும்போது வகுத்தல்தான் நேரத்தைத் தின்னும். எண்களை வேறு வடிவத்துக்கு மாற்றிவைத்து, அந்த வகுத்தலையே தவிர்த்தார் அவர். ஆர்எஸ்ஏ மறையாக்கத்தில் இது அடிப்படைக் கருவி. மாண்ட்கோமரி வளைகோடும் அவருடையதே. வாட்ஸ்அப் செய்திகளைப் பூட்டும் 'கர்வ் 25519' அந்த வகையைச் சேர்ந்தது.

கேள்வி: தேம்ஸ் நதியில் வெடிமருந்தோடு மூழ்கிய கப்பலும் இந்தப் பெயரா?

எஸ்எஸ் ரிச்சர்ட் மாண்ட்கோமரி. கியூபெக்கில் இறந்த அதே தளபதியின் பெயர். 1944 ஆகஸ்டில் ஷியர்னெஸ் எதிரே மணல்திட்டில் தட்டி உடைந்தது. சுமார் 1,400 டன் வெடிபொருள் இன்னும் உள்ளே இருக்கிறது. கிளறினால் ஆபத்து என்று சுற்றிலும் தடை போட்டுக் கண்காணிக்கிறார்கள். அது போய்ச் சேர வேண்டிய துறைமுகம் ஷெர்பூர், அதுவும் நார்மண்டிதான்.

கேள்வி (சென்னை ஆங்கிலோ இந்தியக் குடும்பம்): பாட்டியின் பிறந்தவீட்டுப் பெயர் மாண்ட்கோமரி. நாங்கள் நார்மன் வம்சமா? எங்கே தேடுவது?

பெயரை மட்டும் வைத்து நார்மன் வம்சம் என்று சொல்ல முடியாது. இந்தியா வந்த மாண்ட்கோமரிகளில் அதிகாரிகளும் உண்டு. சென்னை மாகாணத்திலேயே சர் ஹென்றி மாண்ட்கோமரி இருந்தார். 1840களில் ராஜமுந்திரி மாவட்டத்தின் வறட்சியையும் வறுமையையும் நேரில் ஆராய்ந்து, நீர்ப்பாசனம்தான் வழி என்று அறிக்கை கொடுத்தவர். கோதாவரியில் ஆர்தர் காட்டன் தவளேஸ்வரம் அணை கட்டியது அதற்குப் பிறகு. ஆனால் சாதாரணச் சிப்பாய், ரயில்வே ஊழியர், தந்தி ஊழியர் என்று வந்தவர்களும் அதே பெயரோடு வந்திருக்கலாம். அந்த மாதிரி அதிகாரி யாரையாவது மூதாதையாக எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழே வராதீர்கள். பாட்டியிலிருந்து மேலே போங்கள்.

பாட்டியின் ஞானஸ்நானப் பதிவு முதல் படி. அதில் தந்தை பெயரும் தொழிலும் இருக்கும். தேவாலயத்தில் மூலப் பதிவேடு கிடைக்காவிட்டால், சென்னை மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் பிரதிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'என்/2' வரிசையில் இருக்கின்றன. 'ஃபிபிஸ்' என்ற சங்கத்தின் இணையதளத்தில் பெயர் போட்டு இலவசமாகத் தேடலாம். 'ஒய்', 'ஐஇ' இரண்டையும், நடுவில் ஒரு 'எம்', இரண்டு 'எம்' எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். தந்தையின் தொழில் 'ராணுவம்' என்று இருந்தால் படைப்பிரிவின் பெயரையும் குறித்துக்கொண்டு வாருங்கள். அவர் ஸ்காட்லாந்தா அயர்லாந்தா என்பதை அதிலிருந்து தேடத் தொடங்கலாம்.