படாமலே விழுந்தவனுக்கு நடுவர் ஏன் பவுல் கொடுக்கவில்லை?

கிளிநொச்சியில் பாடசாலை அணிக்குக் கூடைப்பந்து ஆடும் தம்பி ஒருவர் கேட்கிறார்: "எதிரணிக்காரன் படாமலே விழுந்தான். நடுவர் முன்கையை இரண்டு தரம் உயர்த்தினார், வேறொன்றும் செய்யவில்லை. ஏன்?"

தம்பி, அந்தக் கைச்சைகைதான் நடவடிக்கை. ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம்) விதியில், பவுல் பட்டதுபோல் முதற்தடவை நடித்தால் எச்சரிக்கை. ஓடுகிற ஆட்டத்தை அதற்காக நிறுத்துவதில்லை. மணிக்கூடு நின்றதும் வீரருக்கும் பயிற்றுநருக்கும் சொல்வார்கள். எச்சரிக்கை முழு அணிக்கும் சேரும். அடுத்து அதே அணியில் யார் நடித்தாலும் டெக்னிக்கல் பவுல் (நடத்தைக்கான பவுல்), எதிரணிக்கு ஒரு பிரீ த்ரோ (தடையின்றிக் கூடைக்கு எறியும் வாய்ப்பு). தொடுகையே இல்லாமல், அதோடு மிகைப்படுத்தி அப்பட்டமாகவும் நடித்தால் மட்டும் எச்சரிக்கையின்றியே டெக்னிக்கல்தான்.

கடினம், கண்டுபிடிப்பதில். பந்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். இருவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி தெரியும் பக்கமாக நின்று பார்க்கவேண்டும். இலேசாக உரசியதற்குத் தலை பின்னால் வெட்டினால், கைகள் விரிந்து பறந்தால் அது நடிப்பு. ஆனால் வன்னியில் பல இடங்களில் சீமெந்துத் தரை. அதில் வேண்டுமென்று விழ யாரும் எளிதில் துணியமாட்டார்கள். அதனால் நிச்சயமில்லாதபோது நான் நடிப்பென்று சொல்வதில்லை.

அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏயில் இப்படி நடிப்பதற்கு 2012இலிருந்து ஆட்டத்துக்குப் பின் அபராதம் இருந்தது. 2023-24 பருவத்தில்தான் களத்திலேயே டெக்னிக்கல் வந்தது.