ஜாமீன் பணம் கட்டும் முன் ஜெயிலில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

கேள்வி: என் மகன் டெக்ஸஸில், டல்லாஸ் பக்கம் எம்.எஸ். படிக்கிறான். எஃப்-1 விசா. ஒரு கடையில் நாமே பில் போட்டுக்கொள்ளும் கவுன்டரில் சில பொருள்களை ஸ்கேன் செய்யாமல் எடுத்துவந்ததாகச் சொல்லி, போன வெள்ளிக்கிழமை பிடித்து ஜெயிலில் வைத்துவிட்டார்கள். மதிப்பு 140 டாலராம். ஜாமீன் 3,000 டாலர். 300 கட்டினால் வெளியே எடுத்துவிடலாம் என்கிறார் ஒருவர். வாட்ஸ்அப் குழுவில் அறிமுகமான இன்னொருவர், 4 லட்சம் ரூபாய் அனுப்பினால் கேஸே இல்லாமல் செய்துவிடுவதாகச் சொல்கிறார். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் பின்னால் எல்லாம் அழிந்துவிடும் என்கிறான் மகனின் அறைத்தோழன். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு தந்தை, நாமக்கல்

பதில்: ஐயா, 4 லட்சம் கேட்பவரின் போனை இனி எடுக்காதீர்கள். டெக்ஸஸில் ஒரு கேஸை இல்லாமல் செய்ய வெளியாள் எவராலும் முடியாது. கைவிடலாம் என்று கேட்பவர் அரசு வழக்கறிஞர், தள்ளுபடி செய்பவர் நீதிபதி. கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஜெயிலில் இருப்பவர்களின் பெயர், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை எல்லாம் பெரும்பாலும் இணையத்தில் எவர் கண்ணுக்கும் படும்படி கிடக்கின்றன. அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த ஆட்கள் கிளம்புகிறார்கள். "உங்க பையனுக்கு 3,000 ஜாமீன், சரிதானே?" என்று ஆரம்பித்தவுடன், இவருக்கு உள்ளே ஆள் இருக்கிறது என்று நம்மவர்கள் நம்பிவிடுகிறார்கள். ஷெரீஃப் (கவுன்ட்டி போலீஸ் தலைவர்) அலுவலகத்திலிருந்து பேசுகிறேன், கிஃப்ட் கார்டு நம்பரைச் சொல் என்பவனும் இதே ரகம்தான். வக்கீல் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் தானாகவே கூப்பிட்டாலும் துண்டித்துவிடுங்கள். அப்படிப் போன் போட்டு வழக்குப் பிடிப்பது டெக்ஸஸில் குற்றம். உண்மையான வக்கீலை நீங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

அந்த 300 டாலர் மோசடி இல்லை. பாண்ட்ஸ்மேன் என்று ஒரு தொழில் அங்கே உண்டு. உங்கள் மகன் வாய்தாவுக்கு வருவான் என்று அவர் ஜாமீன் நிற்கிறார். வழக்கமாகத் தொகையில் 10 சதவீதம் கேட்பார். அது அவருடைய கூலி. நாளைக்கே கேஸ் தள்ளுபடியானாலும் திரும்பாது. 3,000 டாலரையும் நீங்களே ரொக்கமாகக் கட்டினால், மகன் எல்லா வாய்தாவுக்கும் போயிருந்தால், கேஸ் முடிந்ததும் சிறு கழிவு போகக் கைக்கு வந்துவிடும். ஆனால் ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவர் கைக்கு! நான் பார்த்த ஒரு கேஸில் ஊரிலிருந்து அப்பா பணம் அனுப்ப, மகனின் நண்பன் போய்க் கட்டினான். ரசீதில் அவன் பெயர். பதினோரு மாதம் கழித்து செக் வந்தபோது அந்த நண்பன் வேறு மாநிலத்தில், வேறு மனநிலையில் இருந்தான். மகனுக்கு அங்கே நெருங்கிய சொந்தம் இருந்தால் அவர் கட்டட்டும், ரசீதைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும்.

சரி, 300-ஓ 3,000-மோ, எதையும் கட்டும் முன் ஜெயிலுக்குப் போன் போட்டு ஒன்று கேட்க வேண்டும்: இவன் பெயரில் இமிகிரேஷன் ஹோல்ட் இருக்கிறதா? டிட்டெய்னர் என்றும் சொல்வார்கள். ஐஸ் எனப்படும் குடியேற்றத் துறை, "இவனை விடும்போது எங்களிடம் கொடு" என்று ஜெயிலுக்கு எழுதுகிற கடிதம் அது. 2017-ல் வந்த எஸ்.பி. 4 என்ற மாநிலச் சட்டப்படி, டெக்ஸஸ் ஜெயில்கள் அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். விடுதலை நேரம் வந்த பிறகும் 48 மணி நேரம் வரை பிடித்துவைத்து ஒப்படைப்பார்கள். அதாவது நீங்கள் காசு கட்டி மகனை வெளியே எடுக்கவில்லை, ஒரு ஜெயிலிலிருந்து இன்னொன்றுக்கு வண்டி ஏற்றிவிடுகிறீர்கள். அங்கிருந்து கவுன்ட்டி கோர்ட் வாய்தாவுக்கு வர முடியாமல் போனால் கட்டிய ஜாமீனுக்கும் சிக்கல். பாண்ட்ஸ்மேன் இதைத் தானாகச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஹோல்ட் இருந்தால் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, முதலில் குடியேற்ற வக்கீலிடம் பேசுங்கள்.

செல்லுபடியாகும் எஃப்-1 இருக்கிற எல்லோருக்கும் ஹோல்ட் விழுவதில்லை. ஆனால் "விசா சரியாக இருக்கிறது, பயமில்லை" என்றும் நான் சொல்ல மாட்டேன். 2025 மார்ச், ஏப்ரலில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவை (அவர்கள் அங்கே படிக்கும் தகுதியைக் காட்டும் அரசுக் கணினிப் பதிவு) அரசு ரத்து செய்தது. போலீஸ் பதிவில் பெயர் இருந்ததுதான் பலருக்குக் காரணம். கேஸ் தள்ளுபடியானவர்களும் அதில் மாட்டினார்கள். வழக்குகள் குவிந்த பிறகு ஏப்ரல் கடைசியில் திரும்பக் கொடுத்தார்கள். இடையில் பயந்துபோய் ஊருக்குக் கிளம்பியவர்களின் படிப்புக்கு யார் பதில் சொல்வது?

ஜெயில் பட்டியலில் மகன் பெயர் கிடைக்கவில்லை என்றால் பதறாதீர்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் உங்கள் பெயர் இருந்தால் உங்கள் பெயரில் தேடுங்கள். ஒரே பெயர்தான் என்றால், அமெரிக்க விசாவில் மற்ற கட்டத்தில் எஃப்.என்.யு. என்று மூன்று எழுத்து போட்டிருப்பார்கள், முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அந்த மூன்று எழுத்தே பையனின் பெயராக ஜெயில் கணினியில் ஏறியிருக்கலாம். இன்னொன்று, ஹன்ட்ஸ்வில்லில் தலைமையகம் இருக்கும் மாநிலச் சிறைத்துறையின் தளத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அது தண்டனை பெற்றவர்களுக்கு. இவன் இருப்பது ஷெரீஃபின் கவுன்ட்டி ஜெயில்.

மகன் போனில் பேசும்போது, தொடக்கத்திலேயே "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று ஒரு குரல் சொல்லும். அதைச் சடங்கு என்று நினைக்காதீர்கள். அரசு வழக்கறிஞர் அதைக் கேட்கலாம், கோர்ட்டில் போட்டும் காட்டலாம். "ஏன்டா எடுத்தே?" என்று நீங்கள் கேட்க, "தெரியாம பண்ணிட்டேன்பா" என்று அவன் அழுதால் அது வாக்குமூலம். தமிழில்தானே பேசினோம் என்பது பாதுகாப்பு இல்லை, மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். சாப்பாடு, மருந்து, தூக்கம் பற்றி மட்டும் பேசுங்கள்.

இப்போது அறைத்தோழனின் யோசனைக்கு வருகிறேன். என் கோபமெல்லாம் இதன் மேல்தான். அவன் சொல்வது டெஃபர்டு அட்ஜுடிகேஷன். ஒப்புக்கொள், சில மாதம் நிபந்தனைப்படி நட, நீதிபதி கேஸைத் தள்ளுபடி செய்துவிடுவார். அங்கே பிறந்தவனுக்கு நல்ல ஏற்பாடு, மாநிலச் சட்டத்தின் கணக்கில் அது தண்டனையே இல்லை. ஆனால் குடியேற்றச் சட்டத்துக்குத் தனிக் கணக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதாவது ஒரு கட்டுப்பாடு விதித்தாலே போதும், தண்டனை பெற்றவன்தான் என்று 1996-லேயே எழுதிவைத்துவிட்டார்கள். டெக்ஸஸ் அழித்தாலும் வாஷிங்டன் அழிக்காது. "ஒரு கையெழுத்து, வீட்டுக்குப் போகலாம்" என்று கோர்ட் வராந்தாவில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, ஆறு வருடம் கழித்து கிரீன் கார்டு விண்ணப்பத்தில் தலையில் கைவைத்தவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, நிதானமாகப் படியுங்கள். ப்ரீ-ட்ரயல் டைவர்ஷன் என்று ஒன்று. கோர்ட்டில் ஒப்புக்கொள்ளாமலே அரசு வழக்கறிஞருடன் ஒப்பந்தம் போட்டு, வகுப்புக்குப் போய், சமூக சேவை செய்து, கேஸைக் கைவிட வைப்பது. ஒப்புதல் இல்லாததால் குடியேற்றச் சட்டத்திலும் தண்டனை ஆகாது. அப்பாடா என்று மூச்சு விடாதீர்கள். சில கவுன்ட்டிகளில் அந்த ஒப்பந்தத் தாள்களோடு "நான்தான் செய்தேன்" என்று ஒரு தாளும் இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டு, நீதிபதியும் ஒப்பந்தத்தை அங்கீகரித்து நிபந்தனைகள் விதித்துவிட்டால், அதுவும் தண்டனைதான் என்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2017-ல், டெக்ஸஸிலிருந்து போன ஒரு வழக்கிலேயே சொல்லிவிட்டது. பெயர் டைவர்ஷன், பலன் தண்டனை. எனவே திட்டத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், தாளைப் பாருங்கள். அந்த ஒப்புதல் தாள் இல்லாமல் ஒப்பந்தம் எழுத முடியுமா என்று வக்கீல் பேரம் பேச வேண்டும். பல இடங்களில் கேட்டால் கிடைக்கும், கேட்பவர்தான் இல்லை.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால், கைதான 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியபோது இலவச வக்கீல் வேண்டுமா என்று கேட்டிருப்பார்கள். கூச்சத்தில் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் மறுபடி கேட்கலாம். எந்த வக்கீலாக இருந்தாலும், இந்த ஒப்புதலால் நாடுகடத்தல் வருமா என்று சொல்வது அவர் கடமை. 2010-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. பதிலை எழுத்தில் வாங்குங்கள். மதிப்புக் கணக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். 100 முதல் 750 டாலருக்குள் என்றால் கிளாஸ் பி என்ற சிறு குற்ற வகை, அதிகபட்சம் 180 நாள் ஜெயில். 750-ஐ எட்டினால் கிளாஸ் ஏ, ஒரு வருடம் வரை. வந்து ஐந்து வருடம் ஆகாதவருக்கு அந்த ஒரு வருடம்தான் நாடுகடத்தலுக்குக் கதவைத் திறக்கும். பில் போட்ட பொருளையும் கடைக்காரர் பட்டியலில் சேர்த்திருக்கிறாரா என்று பார்ப்பதில் என்ன நஷ்டம்?

இந்தியத் துணைத் தூதரகம் ஹூஸ்டனில் இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்றால் போலீஸே தூதரகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். இந்தியருக்கு அப்படி இல்லை, மகன் கேட்டால்தான். கேட்கலாம் என்று அவனிடம் யாராவது சொன்னார்களா என்பது வேறு விஷயம். தூதரக உரிமை மறுக்கப்பட்ட மெக்சிகோக்காரர் மெடெய்னுக்குச் சர்வதேச நீதிமன்றமே பரிந்து பேசியும் 2008-ல் மரண தண்டனையை நிறைவேற்றிய மாநிலம் இது. 140 டாலர் கேஸுக்கு ஓடிவந்து ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

இதே பையன் ஹூஸ்டனில் மாட்டியிருந்தால் இந்த 3,000 பேச்சே வந்திருக்காமல் போகலாம். சிறு குற்றங்களில் பெரும்பாலானவர்களைக் காசில்லாமல் விடுவதாக, ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்ட்டி 2019-ல் நீதிமன்றத்தில் உடன்பாடு செய்துகொண்டது. டல்லாஸ் மேல் போட்ட அதே மாதிரியான வழக்கை 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூடிவிட்டது. நாலு மணி நேரக் கார் பயணத்தில் சட்டம் மாறிவிடுகிறது! 2015-ல் வாலர் கவுன்ட்டியில் சாண்ட்ரா பிளாண்ட் என்ற பெண், ஐந்நூற்றுச் சொச்சம் டாலர் புரட்ட முடியாமல் மூன்று நாள் உள்ளே இருந்து, பிணமாகத்தான் வெளியே வந்தார். அதற்குப் பிறகுதான் ஜெயிலில் மனநலப் பரிசோதனையை இறுக்கிச் சட்டம் போட்டார்கள். மகன் மனச்சோர்வுக்கோ வேறு எதற்கோ மாத்திரை சாப்பிடுகிறவன் என்றால், மருந்துச் சீட்டோடு ஜெயில் மருத்துவப் பிரிவுக்கு இன்றே தகவல் கொடுங்கள்.

கடைசியாக, காலண்டரில் ஒரு தேதி. கிளாஸ் பி கேஸில் 15 நாளுக்குள் அரசுத் தரப்பு விசாரணைக்குத் தயாராகவில்லை என்றால், ஜாமீனைக் குறைக்க வேண்டும் அல்லது சொந்தப் பிணையில் விட வேண்டும். வக்கீல் மனுப் போட்டால்தான் இது நடக்கும். போன வெள்ளிக்கிழமையிலிருந்து எண்ணுங்கள்.